இடப்பக்கமாகப் படுக்க வைத்த பிள்ளை

99 ஏ.பி.ஓ.
9-11-1993

எழிலுக்கு,

தந்தி நேற்று சாயங்காலம் கைக்கு வந்தது. என் தம்பி மூர்த்தி இருக்கிறானே, மகா கஞ்சன். "ஆண் குழந்தை. இருவரும் நலம்" என்று முடித்துவிட்டான். இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்து யார் ஜாடை என்றாவது சொல்லியிருக்கலாம். இருந்தாலும் அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் காவலுக்குப் போனேன். இங்கே பனி கொட்டுகிறது. எனக்குக் குளிரவே இல்லை.

ராத்திரி எங்கள் பட்டாளத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், லங்கரில், எல்லாருக்கும் ஜிலேபி போட்டேன். ஒரு பஞ்சாபிக்காரன் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடினான். உனக்கு வலி எப்படி இருந்தது, ரொம்ப நேரம் ஆனதா, எதுவும் தெரியாமல் இங்கே ஒருத்தன் ஆடிக்கொண்டிருந்தான் என்று நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் கீழ்பென்னாத்தூரில் உன் வீட்டிலேயே பிரசவம் பார்த்திருப்பார்கள். உன் அப்பா ஒண்டி ஆளாக மாட்டைப் பார்ப்பாரா, உன்னைப் பார்ப்பாரா? அடி அண்ணாமலையில் என் அம்மா இருக்கிறாள். அவள் சொல்கிறபடி நட. தீட்டு கழிகிற வரைக்கும் பின் ரூமை விட்டு வெளியே வராதே, காற்று பட்டால் சன்னி கண்டுவிடும்.

எனக்கு லீவு பங்குனியில்தான். அதுவரைக்கும் உன் கடிதம்தான் என் பிள்ளை. என்ன நிறம் அவன்? உன் சிவப்பா, என் கறுப்பா? ஒளிக்காமல் எழுது.

வேடியப்பன்

*

அடி அண்ணாமலை
11-11-1993

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வரட்டும் என்று காத்திருக்க முடியவில்லை. அத்தை கடைக்குப் போயிருக்கிற நேரத்தில் எழுதுகிறேன். பால் ஊற்றுகிற கன்னியம்மாள் அக்கா இதைத் தபாலில் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பிள்ளை வெள்ளிக்கிழமை காலையில் பிறந்தான். தையல் வலி இருக்கிறது, மற்றபடி நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அவன் அழுவதைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரியிலேயே பயந்துபோனேன். அழ ஆரம்பித்தால் முகம் சிவந்து, நெஞ்சு சிவந்து, பீட்ரூட் மாதிரி ஆகிவிடுகிறான். இன்னும் கொஞ்சம் இழுத்து அழுதால் கருஞ்சிவப்பு. உள்ளங்கையும் பாதமும் நீலம். ஓடிப்போய் நர்ஸைக் கூப்பிட்டேன். அவர் சிரித்தார்.

"பச்சப்புள்ள அழுதா செவக்காம என்னம்மா பண்ணும்? கை காலு நீலமா இருந்தா துணியச் சுத்து, கொஞ்ச நாள்ல சரியாப் போயிடும். உதடும் நாக்கும் நீலமானா மட்டும் தூக்கினு ஓடியா."

அதிலிருந்து அவன் அழும்போதெல்லாம் வாயைத்தான் பார்க்கிறேன். நாக்கு நல்ல சிவப்பாக இருக்கிறது. மனசு நிம்மதியாகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் அத்தை அவனைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, துணி இல்லாமல் மணையில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் உடம்பில் ஒரு கோடு விழுந்தது. நெற்றி நடுவிலிருந்து தொப்புள் வழியாகக் கீழே வரைக்கும், நூல் பிடித்து இழுத்த மாதிரி. கீழே இருந்த இடப்பக்கம் முழுக்கச் சிவப்பு. மேலே இருந்த வலப்பக்கம் முழுக்க வெளுப்பு. சத்தியமாக என் கண்ணால் பார்த்தேன். எனக்கும் உடம்பு சிலிர்த்தது, நானும் கை கூப்பினேன்.

அத்தை, "அண்ணாமலையாரே! பாதி நீயும் பாதி அம்மாவுமா எங்க வூட்டுக்கு வந்துட்டியா!" என்று கத்திக்கொண்டு தரையில் விழுந்துவிட்டார்கள். கன்னியம்மாள் அக்கா பால் சொம்போடு வாசலில் நின்று பார்த்தார்கள். பிறகு பிள்ளை அழுதான். அழுததும் உடம்பு மொத்தமும் சிவந்து கோடு காணாமல் போய்விட்டது.

நேற்றிலிருந்து தெருவே வந்துபோகிறது. எனக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா தெரியவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எழிலரசி

*

அடி அண்ணாமலை
16-11-1993

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. ஜிலேபி போட்டதைப் படித்துச் சிரித்தேன். பிறகு அழுதேன். நிறம் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த நேரத்து நிறத்தைச் சொல்வது? பால் குடிக்கும்போது ஒன்று, அழும்போது ஒன்று, குளிரில் கிடக்கும்போது உடம்பெல்லாம் வலை வலையாக ஒன்று. அவனை அவன் நிறத்தில் நான் பார்க்கிற நேரமே கம்மியாகிவிட்டது.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். முன் ரூமில் மணையை வைத்து, சுற்றிக் கோலம் போட்டு, விளக்கு வைத்திருக்கிறார்கள். பிள்ளையைத் துணி போடாமல் இடப்பக்கமாகப் படுக்க வைக்கிறார்கள். சிவன் வலப்பக்கம், அம்மன் இடப்பக்கம், அதனால் எப்போதும் இடப்பக்கம்தான். ஜனங்கள் வரிசையில் வந்து, கோடு வருகிற வரைக்கும் நிற்கிறார்கள். வந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். வெளியே போய் நம் கடையில் டீ குடிக்கிறார்கள். மழை விடவில்லை, வாசல் கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. காற்று அவன் மேல்தான் அடிக்கிறது.

நான் பின் ரூமில் இருக்கிறேன். மாட்டுக் கொட்டாய் பக்கம் ஒரு ஜன்னல், அவ்வளவுதான். "தீட்டு இருக்கிற வீட்டுக்கு இத்தனை பேர் வரலாமா அத்தை?" என்று கேட்டேன்.

"சாமிக்கு ஏதுடி தீட்டு? உனக்குத்தான் தீட்டு" என்றார்கள்.

அவர்கள் என்னைத் திட்டவில்லை மாமா. சாதாரணமாகத்தான் சொன்னார்கள். எனக்கு மிளகு ரசம் வைத்துத் தருகிறார்கள், வெந்நீர் வைத்துத் தருகிறார்கள். அவர்கள் மட்டும் ஒரு வேளை சாப்பாட்டோடு விரதம் இருக்கிறார்கள். கெட்டவர்களாக இருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை என் அப்பா வந்தார். குரலைக் கேட்டதுமே என்னை அழைத்துப்போகத்தான் வந்திருக்கிறார் என்று துணிமணியை எடுத்து வைத்துவிட்டேன். அவர் முன் ரூமைத் தாண்டி வரவே ரொம்ப நேரமானது. வந்தவர் கண்ணெல்லாம் தண்ணீர். "எம்மா, உன் வயித்துல யாரு பொறந்துகீறா தெரியுமா?" என்றார். பேரன் காலில் விழுந்து எழுந்து வந்திருக்கிறார். நான் கட்டி வைத்த பையை அவர் பார்க்கக்கூட இல்லை. கொண்டுவந்த வேர்க்கடலையை மணைக்கு முன்னால் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மூர்த்தி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறான். மகா தீபத்தன்று கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கான ஜனம் நம் கடையைத் தாண்டித்தான் போகும். கடைக்கு முன்னால் பந்தல் போட்டு, மைக் செட் வைத்து, மலையில் தீபம் ஏற்றுகிற நேரத்துக்குப் பிள்ளையை வெளியே மணையில் படுக்க வைக்கப்போகிறார்களாம். கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வருகிற அதே நேரம். கார்த்திகைப் பனியில், மழையில், துணி இல்லாமல், பிறந்து ஒரு மாதம் ஆகாத பிள்ளையை.

நான் சொன்னால் எடுபடாது. நீங்கள் சொன்னால் மட்டும்தான் அத்தை கேட்பார்கள். கடிதம் வேண்டாம், தந்தி அடியுங்கள். பிள்ளையை வெளியே வைக்காதே என்று மட்டும் அடித்தால் போதும். உங்களிடம் இதுவரைக்கும் நான் எதுவும் கேட்டதில்லை.

எழிலரசி

*

99 ஏ.பி.ஓ.
18-11-1993

எழில்,

உன் பதினோராம் தேதிக் கடிதமும் அம்மாவின் கடிதமும் ஒரே நாளில் வந்தன. அம்மாவுடையதை முதலில் பிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. அவள் சொல்லச் சொல்ல மூர்த்தி எழுதியிருக்கிறான். நாலாவது வரியிலேயே எனக்குக் கண் மறைத்துவிட்டது.

நம் வீட்டிலா! எனக்கா! பத்தாவதில் ரெண்டு தடவை ஃபெயில் ஆனவனுக்கா! எனக்குத் தெரிந்த இந்தியில், அண்ணாமலையார் அம்மனுக்கு இடப்பாகம் கொடுத்த கதையை ஆறு பேருக்குச் சொன்னேன். பாதிதான் புரிந்திருக்கும். ஆனாலும் எல்லாரும் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எங்கள் சுபேதார் யாரையும் ஏறெடுத்துப் பார்க்காத மனிதர். அவரே உன் பிள்ளை பெயரில் இங்கே கோயிலில் தேங்காய் உடைத்தார். என்னைக் கடினமான டியூட்டிக்கு யாரும் போடுவதில்லை. வேடியப்பன் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லாம் இப்போது 'சாமியோட அப்பா' என்கிறார்கள்.

நர்ஸ் சொன்னது அழுகையைப் பற்றி. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட்டு அம்மா மனசைப் புண்படுத்தாதே. பாவம், அவள் வாழ்க்கையில் நல்லது என்று என்ன பார்த்தாள்? அப்பா செத்த பதினாறாம் நாள் டீக்கடையைத் திறந்தவள்.

போட்டோ எடுத்து அனுப்பு. கோடு தெரிகிற மாதிரி இருக்கட்டும், எல்லாரும் கேட்கிறார்கள். வெளுத்த பாதி உன்னுடையது, மற்றது என்னுடையது என்று வைத்துக்கொள்ளலாமா? ஆனால் சாதாரணமாக அவன் என்ன நிறம் என்று நீ இன்னும் சொல்லவில்லை.

வேடியப்பன்

*

99 ஏ.பி.ஓ.
23-11-1993

எழில்,

உன் பதினாறாம் தேதிக் கடிதம் இன்றைக்கு வந்தது. வாசல் கதவு திறந்து கிடக்கிறது என்ற வரியை மூன்று தடவை படித்தேன். இங்கே குளிர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் எங்கள் டாக்டரிடம் போனேன். கேப்டன், மலையாளத்துக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். சாமி என்று சொல்லாமல், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்று கேட்டேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. பிறந்த பிள்ளைகள் பலபேருக்கு இது வருமாம். ரத்தக் குழாய்கள் சுருங்கி விரிய இன்னும் பழகவில்லையாம். ஒருக்களித்துப் படுத்தால் ரத்தம் கீழ்ப்பக்கத்துக்கு இறங்கிச் சிவக்கும், மேல்பக்கம் வெளுக்கும். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும், கை காலை உதறி அழுதால் உடனே போய்விடும், ஒரு மாதத்துக்குள் வருவதே நின்றுவிடும். "ஒரு சிகிச்சையும் வேண்டாம். குழந்தையைப் போர்த்திச் சூடாக வைக்கச் சொல்லுங்கள், அது போதும்" என்றார். எழுந்து வரும்போது, "பக்கத்து வீடுதானே?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

நேராகத் தந்தி அடிக்கப் போனேன். நீ சொன்ன வார்த்தைகளையே எழுதினேன். பிறகு அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவது யார் என்று நினைத்தேன். மூர்த்தி, கடையில், ஜனங்கள் முன்னால். எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். என்னைத் திட்டு. ஆனால் அவளிடம் 'கூடாது' என்ற வார்த்தையை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. இங்கேயும் நான் யாரிடம் என்னவென்று சொல்வது? சுபேதார் உடைத்த தேங்காயை ஒட்ட வைக்கவா? பிள்ளைக்குக் குளிர் படாமல் பார்த்துக்கொள் என்று அம்மாவுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். அவள் புரிந்துகொள்வாள்.

இன்னொன்று. இன்று எக்ஸ்பிரஸ் தபாலில் வந்த அம்மாவின் அடுத்த கடிதத்தில் பிள்ளை தொடையில் கன்றிப்போன தடங்கள் இருப்பதாக எழுதியிருக்கிறாள். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்கிறாள். இதைப் பற்றி டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதுவும் தானாக வருவதா எழில்? நீ பக்கத்தில் இருந்துகொண்டு எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்?

வேடியப்பன்

*

அடி அண்ணாமலை
25-11-1993

மாமா,

தந்தி வரும் என்று தபால்காரர் சைக்கிள் மணி கேட்டபோதெல்லாம் ஜன்னலுக்கு ஓடினேன். கன்னியம்மாள் அக்கா இன்று கொண்டுவந்து கொடுத்தது உங்கள் பதினெட்டாம் தேதிக் கடிதம். போட்டோ கேட்டிருக்கிறீர்கள்.

மூர்த்தி ஏற்கெனவே போட்டோ எடுப்பவரை அழைத்துவந்தான். ஃபிளாஷ் அடித்ததும் பிள்ளை தூக்கிவாரிப்போட்டு அழுதான், கோடு மறைந்துவிட்டது. போட்டோவில் அழுகிற ஒரு பிள்ளைதான் இருக்கிறது. அதை உங்களுக்கு அனுப்ப வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் இரண்டு விஷயம் எனக்குப் புரிந்தது. ஒன்று, அழுதால் சாமி போய்விடும். இன்னொன்றைப் பால் கொடுக்கும்போது கண்டுபிடித்தேன். பால் குடித்து முடித்தவனை என் பக்கத்தில் வலப்பக்கமாகப் படுக்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சிவப்பு வலப்பக்கம் வந்தது. திருப்பினேன், இடப்பக்கம் போனது. மறுபடியும் திருப்பினேன். அம்மன் இப்படி இடம் மாறி மாறி உட்காருவாளா மாமா? எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அத்தையைக் கூப்பிட்டு, "நீங்களே பாருங்கத்தே, எந்தப் பக்கம் கீழ இருக்குதோ அந்தப் பக்கம்தான் செவக்குது" என்று திருப்பிக் காட்டினேன்.

அத்தை மாரில் அடித்துக்கொண்டார்கள். "தீட்டோட கையால சாமியப் பொரட்டிட்டியேடி பாவி!" என்று மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதிலிருந்து அவன் என் பக்கத்தில் தூங்குவதில்லை. பால் கொடுக்க மட்டும் கொண்டுவருகிறார்கள். குடித்து முடிக்கிற வரைக்கும் கதவருகில் நிற்கிறார்கள். உண்மையைக் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். இருந்ததும் போயிற்று.

இனி சொல்லப்போவதைப் படித்துவிட்டு நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் நினையுங்கள். முன் ரூமில் கூட்டம் சேர்கிற சத்தம் கேட்டதும், அவனைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால், புடவை மறைவில் தொடையில் கிள்ளிவிடுகிறேன். வீறிட்டு அழுகிறான். அழுதுகொண்டே போகிறவனுக்குக் கோடு வருவதில்லை. முதல் நாள் கூட்டம் சலித்துப்போய்க் கலைந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மறுநாளே அத்தை, "அம்மா இன்னைக்கு உக்கிரமா கீறா" என்று சொல்லிவிட்டார்கள். அழுகிறவனையும் கும்பிட்டார்கள்.

அப்புறமும் ஏன் கிள்ளுகிறேன் என்று கேட்பீர்கள். ஜாஸ்தி அழுதால் பாலுக்கு அழுகிறான் என்று சீக்கிரம் என்னிடம் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்தக் கொஞ்ச நேரம் அவனைப் புடவைக்குள் சுற்றி வைத்துக்கொள்ளலாம். அதற்காகத்தான்.

அழுதால் வருகிற சிவப்பு தானாகப் போய்விடுகிறது. கை காலில் இருந்த நீலம் போர்த்தினால் போய்விடுகிறது. அந்தக் கோடும் வந்துவந்து போய்விடுகிறது. போகாமல் இருப்பது நான் வைத்த நிறம் மட்டும்தான்.

தீபத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. வாசலில் பந்தல்கால் நட்டுவிட்டார்கள். இந்தக் கடிதம் உங்களுக்கு அதற்குள் வந்து சேராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன், வேறு யாரிடம் சொல்வது?

எழிலரசி

*

99 ஏ.பி.ஓ.
2-12-1993

எழில்,

இருபத்தைந்தாம் தேதிக் கடிதம் இன்று வந்தது. தீபம் முடிந்துவிட்டது. அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தீபத்தன்று சாயங்காலம் இங்கே எல்லாரும் என் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து எனக்காக ஒரு அகல் ஏற்றினார்கள். நானும் கும்பிட்டேன். அந்த நேரத்தில் அவன் வெளியே கிடந்திருப்பான்.

என் போன கடிதத்தில் தொடைத் தடத்தைப் பற்றி உன்னைக் கேட்டிருந்தேன். அந்த வரியை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள வழி இருந்தால் தேவலை.

சுபேதாரிடம் போனேன். என் பிள்ளை சாமி ஒன்றும் இல்லை சாப், அது சாதாரணப் பிள்ளை, அதற்கு நான் போகவேண்டும் என்று சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். பிறகு, "சாதாரணப் பிள்ளைக்குத்தான் அப்பன் வேண்டும்" என்று சொல்லி லீவுத் தாளில் கையெழுத்துப் போட்டார். கேப்டன் டாக்டரும் சிபாரிசு செய்திருக்கிறார். உத்தரவு வரப் பத்து நாள் ஆகலாம்.

அவன் உயிரோடு நன்றாக இருக்கிறான் என்று ஒரே ஒரு வரி எழுது. வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

வேடியப்பன்

*

கீழ்பென்னாத்தூர்
9-12-1993

மாமாவுக்கு,

அவன் நன்றாக இருக்கிறான். என் மடியில் தூங்குகிறான். முதலில் இதைப் படித்துக்கொள்ளுங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம்.

உங்கள் கடிதங்கள் ரெண்டையும் கன்னியம்மாள் அக்கா பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். தந்தியைக் கிழித்துப் போட்டதைப் படித்தபோது ஆத்திரமாக வந்தது. இப்போதும் ஆறவில்லை. ஆனால் நீங்கள் சுபேதாரிடம் சொன்னதை நாலு தடவை படித்தேன்.

தீபத்தன்று மத்தியானத்திலிருந்தே தூறல். நாலு மணிக்குப் பால் கொடுத்ததும் அவனை வாங்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு நான் கிள்ளவில்லை. கிள்ளினாலும் கிள்ளாவிட்டாலும் வெளியேதான் படுக்க வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. பின் ரூமில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மூர்த்தி மைக்கில் கத்துகிறான். ஜனங்களின் காலடிச் சத்தம் மழை மாதிரி விடாமல் கேட்கிறது. நடுவில் அவன் அழுகை. முதலில் ஓங்கி அழுதான். அப்புறம் குரல் கம்மிப்போனது. அப்புறம் விட்டு விட்டு. பிள்ளை அழுதால் எனக்குப் பயமில்லை. அழுகை குறைந்ததும்தான் என்னால் உட்கார முடியவில்லை.

வாசல் நிலைப்படி வரைக்கும் போய் நின்றேன். தீட்டோடு அந்த நாளில் படி தாண்டினால் குடும்பத்துக்கே ஆகாது என்று அத்தை சொல்லி வைத்திருந்தார்கள். அது மனசில் இல்லாமல் இல்லை, பொய் சொல்லமாட்டேன். அங்கிருந்து பார்த்தேன். பந்தலுக்குள் மணை, மணையைச் சுற்றி ஜனம், எல்லாருக்கும் நடுவில் இவ்வளவு சின்ன முதுகு. அத்தை அவனை இடப்பக்கமாகவே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோடு வரவில்லை. ரெண்டு நாளாகவே வருவது நின்றுபோயிருந்ததை அத்தை யாரிடமும் சொல்லவில்லை, எனக்கே பிறகுதான் தெரிந்தது. வரும் வரும் என்று காத்திருந்தார்கள்.

அப்போது மலையில் தீபம் ஏற்றிவிட்டார்கள். "அண்ணாமலைக்கு அரோகரா" என்று ஊரே எழுந்தது. மாமா, எல்லாரும் திரும்பி மலையைப் பார்த்தார்கள். மூர்த்தி மைக்கைக் கீழே போட்டுவிட்டுக் கை கூப்பினான். அத்தை ரெண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். மணையை ஒருத்தரும் பார்க்கவில்லை.

நான் படி தாண்டிப் போய் அவனைத் தூக்கிக்கொண்டேன். உடம்பு ஜில்லிட்டிருந்தது. கை கால் நீலம். வாயைத் திறந்து பார்த்தேன், நாக்கு சிவப்பாகத்தான் இருந்தது. அது போதும் என்று மாரோடு அணைத்துப் புடவையைச் சுற்றிக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கிவிட்டேன்.

அந்தக் கூட்டத்தில் இறங்கியவர்கள் நிற்க முடியாது, திரும்பவும் முடியாது, உங்களுக்குத் தெரியும். அது ஒரு பக்கமாகத்தான் போகும். என்னையும் தள்ளிக்கொண்டு போனது. காலில் செருப்பில்லை, அங்கே யாருக்குமே இல்லை. வேண்டுதல்காரர்கள் கரும்பில் சேலைத் தொட்டில் கட்டிப் பிள்ளையைச் சுமந்துகொண்டு போகிற நாள், அதனால் பச்சைக்குழந்தையோடு ஒருத்தி நடப்பதை யாரும் விசேஷமாகப் பார்க்கவில்லை. "புள்ளக்காரிக்கு வழி வுடுங்கப்பா" என்று மட்டும் சொன்னார்கள். ஒரு அம்மாள் தன் கம்பளித் துண்டை எடுத்து அவன் தலையில் சுற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். தையல் வலித்தது. அவன் என் வயிற்றுச் சூட்டில் அழுகையை நிறுத்திவிட்டுப் பால் தேடினான். நடந்துகொண்டே கொடுத்தேன். டவுனுக்கு வந்து திண்டிவனம் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் என்னிடம் டிக்கெட் கேட்கவில்லை.

அப்பா கதவைத் திறந்ததும் என்னைக் கேட்கவில்லை, "சாமி வந்துகீதா?" என்றுதான் கேட்டார். "உம் பேரன் வந்துகீறான், வெந்நி வை" என்றேன். வைத்தார்.

மூன்றாம் நாள் அத்தை வந்தார்கள். சண்டைக்கு வருகிறார்கள் என்று கதவைத் தாழ் போட எழுந்தேன். வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்கள். "நான் என் பேரனக் கும்புட்டேன்டி. அட்ச்சனா? கொன்னனா? கும்புட்டேன், அது தப்பா?" என்றார்கள். உள்ளே அழைத்துப் பிள்ளையை மடியில் கொடுத்தேன். போர்வையை விலக்கி அவனை மெதுவாக இடப்பக்கமாக ஒருக்களித்துப் பிடித்தார்கள். வேண்டுமென்று செய்யவில்லை, கை அப்படிப் பழகிவிட்டது. அப்பாவும் எட்டி நின்று பார்த்தார். ரெண்டு பேரும் ரொம்ப நேரம் காத்திருந்தார்கள். கோடு வரவில்லை. அத்தை போர்வையை மறுபடி இழுத்துவிட்டு, "உம் மாமனாரு மூக்கு இவனுக்கு" என்றார்கள். அன்றைக்குத்தான் அவன் முகத்தை முதல் தடவையாகப் பார்த்த மாதிரி சொன்னார்கள்.

லீவு கிடைத்தால் நேராக இங்கே வாருங்கள். அந்த வீட்டுக்கு இப்போது என்னை அழைக்காதீர்கள். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அந்த முன் ரூமுக்குள் மறுபடி கால் வைக்க எனக்கு மனசு வரவேண்டும். அதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது.

நிறம் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இன்றைக்குக் காலையில் வெயிலில் வைத்து எண்ணெய் தேய்க்கும்போது நன்றாகப் பார்த்தேன். உங்கள் கறுப்பும் இல்லை, என் சிவப்பும் இல்லை, மாநிறம். ரெண்டு பக்கமும் ஒரே நிறம். அழுதால் மட்டும் சிவக்கிறான்.

தொடையில் இருந்த தடம் இப்போது மஞ்சளாகி ஆறிக்கொண்டு வருகிறது. என் கை அந்தப் பக்கம் போனால் அவன் காலை இழுத்துக்கொள்கிறான். எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் இழுக்கும் என்று கன்னியம்மாள் அக்கா சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் இருக்கும் என்று தினமும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வருவதற்குள் மறைந்துவிட்டால் நல்லது. மறையாமல் இருந்தால், அது என்ன என்று என்னிடம் கேட்காதீர்கள்.

எழிலரசி